அரைப்பேர்: இரண்டு மருந்துகளின் கதையும் நம்ம மலையும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'அரைப்பேர்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, சாயந்தரம் தராசில் கொழுந்து குறைந்தால் செக்ரோலில் முழுப்பேர் விழாது. பாதிச் சம்பளம்தான். அந்த ஆள் எவ்வளவு நேரம் நின்றார், ஏன் முடியவில்லை என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளைக்கும் அது தேவையில்லை.

மலையை விட்டு இறங்கி டவுன் கடையிலும் கொழும்பு கம்பெனியிலும் கெம்பசிலும் இருக்கிற நம்ம தலைமுறைக்கு யாரும் செக்ரோல் எழுதுவதில்லை. ஆனால் அரைப்பேர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 'நல்ல மூளை, ஆனா சோம்பேறி', 'எதையும் முழுசா முடிக்கமாட்டான்', 'சொன்னத ஒரு நிமிசத்துல மறந்துடுவா'. சின்ன வயசிலிருந்து இதையே கேட்டு வளர்ந்து, இருபது இருபத்தைந்து வயதில் மனம் சோர்ந்துபோய்க் கிளினிக் வாசலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது மனச்சோர்வு மட்டும் இல்லை. அதற்கு அடியில், குழந்தைப் பருவத்திலிருந்தே, கவனக்குறைபாடு என்ற இன்னொன்றும் இருக்கிறது. அந்த இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? மருத்துவர்களின் அலட்சியம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது மாத்தளையிலும் நடந்தது, சுவிட்சர்லாந்திலும் நடந்தது.

உடம்புக்கு ஒரு சட்டம், மனசுக்கு ஒரு சட்டம்

நம் முன்னோர் இந்த மலைக்கு வந்த பாதை மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி, மாத்தளையில் வந்து சேர்ந்தது. கோப்பிக் காலத்தில் மாத்தளைதான் மலைநாட்டின் வடக்கு வாசல். வழியில் பட்டினியும் கொலராவும் கொன்றவர்களின் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. அதற்கு முன்பே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. 1912இல் அது இன்னும் விரிவானது. தோட்டங்களில் டிஸ்பென்சரி வந்தது, மருந்துக்காரர் வந்தார்.

இந்தச் சட்டங்களின் நோக்கம் வெளிப்படையானது. வேலை செய்யும் உடம்பு வேலைக்குத் திரும்ப வேண்டும். காய்ச்சல், வயிற்றோட்டம், கொக்கிப்புழு, பிரசவம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. மனசுக்கு இடம் இருக்கவில்லை.

மனசுக்கு வேறொரு சட்டம் இருந்தது. தோட்ட மருத்துவச் சட்டம் வந்து ஒரு வருடத்தில், 1873இல், 'பைத்தியம்' பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. பின்னாளில் திருத்தப்பட்டாலும் இலங்கையின் மனநலச் சட்டத்துக்கு இன்றுவரை அதுதான் அடித்தளம். அந்தச் சட்டத்தின் கவலை சிகிச்சையை விட அடைத்து வைப்பது பற்றியது. 1926இல் அங்கொடை மனநல மருத்துவமனை தொடங்கியது. அதற்குப் பிறகு 'அங்கொடைக்கு அனுப்பணும்' என்பது நாடு முழுக்க ஒரு வசையாக மாறியது.

ஆக, தோட்டத்தில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் இரண்டு இடம்தான் இருந்தது. வேலைக்கு வருகிறவரென்றால் சோம்பேறி. வரவே முடியாதவரென்றால் பைத்தியம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவருக்கு, அதாவது வேலைக்குப் போய், திட்டு வாங்கி, கவனம் சிதறி, சோர்ந்து திரும்புகிறவருக்கு, எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. அவருக்குப் பேயோட்டினார்கள், மந்திரித்தார்கள், கல்யாணம் பண்ணி வைத்தார்கள்.

அந்த நடுவில் இருப்பவருக்கான மருந்துகள் அதே காலத்தில் வேறொரு ஊரில் பிறந்துகொண்டிருந்தன.

ஒரே ஊரில் பிறந்த மருந்துகள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் மருந்துக் கம்பெனிகளின் ஊர். அங்கிருந்த சீபா கம்பெனியில் 1944இல் லியான்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் மெதில்ஃபெனிடேட் என்ற மருந்தைத் தயாரித்தார். அவருடைய மனைவி மார்கரீட் இதைச் சாப்பிட்டுவிட்டு டென்னிஸ் ஆடினார், அவருடைய செல்லப் பெயரான ரீட்டாவிலிருந்துதான் 'ரிட்டலின்' என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். 1950களில் அது கடைக்கு வந்தபோது துறுதுறுப்பான பிள்ளைகளுக்கென்று விற்கப்படவில்லை. களைப்பு, உற்சாகமின்மை, மனச்சோர்வு உள்ள பெரியவர்களுக்கான மருந்தாகவே வந்தது. இன்று கவனக்குறைபாட்டின் முதன்மை மருந்தாக அறியப்படுவது, தன் வாழ்க்கையை மனச்சோர்வின் பக்கத்து வீட்டில்தான் தொடங்கியது.

அதே ஊரின் இன்னொரு கம்பெனியான கைகி, சீசோஃப்ரினியாவுக்கு உதவுமா என்று பார்க்க ஒரு மருந்தை ரோலன்ட் கூன் என்ற மருத்துவரிடம் கொடுத்தது. அவர் மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் வேலை செய்தவர். மருந்து சீசோஃப்ரினியாவுக்குப் பயன்படவில்லை. ஆனால் சோர்ந்து கிடந்த நோயாளிகள் சிலர் எழுந்து பேசத் தொடங்கினார்கள். 1957இல் கூன் அதை வெளியிட்டார். அதுதான் இமிப்ரமின், மனச்சோர்வு மருந்துகளில் ஒரு பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை. இதை வெறும் வெற்றிக் கதையாகவும் சொல்லக்கூடாது. அந்த மருத்துவமனையில் பல ஆண்டுகளாக நோயாளிகளின் முறையான சம்மதம் இல்லாமலே மருந்துகள் சோதிக்கப்பட்டன என்பதை 2019இல் வெளியான ஆய்வு விரிவாகக் காட்டியது.

மூன்றாவது கதை நம்ம பக்கத்து மண்ணிலிருந்து போனது. சர்ப்பகந்தி வேரை இந்திய வைத்தியத்தில் சித்தப் பிரமைக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அதை நவீன மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை உலகுக்குக் காட்டினார். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது அதே சீபா கம்பெனி. இரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்ட சிலர் மனம் சோர்ந்து போனார்கள். மூளையில் செரட்டோனின், நோரட்ரினலின் போன்ற பொருட்களை ரெசர்பின் வற்றச் செய்கிறது என்பது தெரிந்ததும், 'அப்படியானால் மனச்சோர்வுக்கும் இந்தப் பொருட்களுக்கும் தொடர்பு இருக்கிறது' என்ற ஊகம் பிறந்தது. இன்று அந்த ஊகம் அவ்வளவு எளிமையாக ஏற்கப்படுவதில்லை. ஆனால் அடுத்து வந்த மருந்துகள் பலவும் அந்த வழியில்தான் தேடப்பட்டன.

மெதில்ஃபெனிடேட் டோபமினையும் நோரட்ரினலினையும் கூட்டுகிறது. இமிப்ரமின் நோரட்ரினலினையும் செரட்டோனினையும் கூட்டுகிறது. அண்ணன் தம்பி மாதிரியான மருந்துகள். அவற்றைத் தனித்தனி வீட்டில் வைத்தது வேதியியல் இல்லை, நோய்க்கு நாம் வைத்த பெயர்கள்தான்.

பெரியவர்களுக்கு மிஞ்சிய 'மிச்சம்'

1937இல் அமெரிக்காவின் றோட் ஐலன்டில் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல் உள்ள 30 பிள்ளைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஊக்கி மருந்தைக் கொடுத்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளி வேலையில் சட்டென்று முன்னேறினார்கள். பிள்ளைகளே அதைக் 'கணக்கு மாத்திரை' என்று அழைத்தார்களாம். அந்த நாளிலிருந்து கவனம் என்பது பள்ளிக்கூடத்துப் பிரச்சினையாக, பிள்ளைகளின் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. 1968இல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் வந்த பெயரிலேயே 'குழந்தைப் பருவ' என்ற சொல் இருந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை.

யூட்டாவில் போல் வென்டரும் அவருடைய குழுவும் 1976இல் பெரியவர்களிடம் மெதில்ஃபெனிடேட்டைச் சோதித்து, இது வளர்ந்தும் தொடர்கிறது என்று எழுதினார்கள். 1980இல் பட்டியல் மாறியபோது பெரியவர்களுக்கு ஒரு வகை சேர்ந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'மிச்ச வகை'. வளர்ந்த மனிதரின் வாழ்நாள் சிரமத்துக்குப் புத்தகம் கொடுத்த பெயர் அது. அந்தப் பெயரும் 1987இல் கழற்றப்பட்டது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் பெரியவர்களுக்கான அளவுகோலைத் தெளிவாக எழுதியது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒரு பகுதியில் ஐந்து அறிகுறிகள் இருந்தால் போதும் என்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் இது குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கோளாறுகளின் அதிகாரத்தில், மிகை இயக்கம் என்ற தலைப்பில் இருந்தது. ஓடியாடாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, குறிப்பாகப் பெண்பிள்ளை, அந்தத் தலைப்புக்குள் வரவே இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியலில்தான் அந்தத் தலைப்பு மாறியது. ஆக, இன்று 40 வயதில் இருக்கிற ஒருவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அவர் மாதிரி ஆளைக் கண்டுபிடிக்க அவருடைய டீச்சருக்கோ டொக்டருக்கோ யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இதற்கிடையில் மருந்துகள் எல்லையைத் தாண்டிக்கொண்டே இருந்தன. இமிப்ரமினைக் கவனக்குறைபாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புப்ரோபியன் மனச்சோர்வு மருந்தாக வந்து, கவனத்துக்கும் ஓரளவு உதவுகிறது என்று தெரிந்தது. அடமொக்சிட்டின் மனச்சோர்வுக்காகத் தேடப்பட்ட மருந்து. அதில் தோற்று, 2002இல் கவனக்குறைபாட்டுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, அதுவும் பெரியவர்களுக்கும் சேர்த்து.

1971: ஒரு கதவு திறந்தது, ஒரு கதவு மூடியது

இலங்கைக்கு வருவோம். 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயைத் தலைவராகக் கொண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. ஒரே மருந்தைப் பல கம்பெனிப் பெயர்களில் கூடிய விலைக்கு வாங்குவதை நிறுத்தி, தேவையான மருந்தை அதன் மூலப் பெயரில் மலிவாக வாங்குவது அவருடைய திட்டம். நாட்டில் புழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குப் பின்னால் இருந்ததும் இதே சிந்தனைதான். மனச்சோர்வுக்கு அந்தப் பட்டியலில் தொடக்கத்திலிருந்தே அமிற்ரிப்டிலின் இருந்தது. 2007இல் ஃப்ளூஒக்சிட்டினும் சேர்ந்தது. இன்று அரச கிளினிக்கில் காசில்லாமல் மனச்சோர்வு மாத்திரை கிடைக்கிறதென்றால் அது இந்தப் பாதையில் வந்தது.

அதே 1971இல் வியன்னாவில் உளப்பாதிப்புப் பொருட்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தானது. போருக்குப் பிந்திய ஜப்பானிலும் பிறகு ஐரோப்பாவிலும் ஊக்கி மருந்துகள் போதையாகப் பரவியிருந்தன. எனவே மெதில்ஃபெனிடேட் கடுமையான கட்டுப்பாட்டின் கீழ் இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விளைவு என்ன? அத்தியாவசியப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு விண்ணப்பித்தபோது, 2019இலும் 2021இலும் உலக சுகாதார நிறுவனத்தின் குழு மெதில்ஃபெனிடேட்டை ஏற்கவில்லை.

பட்டியல் ஏழை நாட்டின் நண்பன்தான். அதில் இருக்கும் மருந்து கிராமம் வரை வரும். இல்லாத மருந்தை நகரத்தில், தனியாரில், காசு கொடுத்துத் தேட வேண்டும். 2022 நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே நாடு அலைந்தபோது இதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. மனச்சோர்வும் கவனக்குறைபாடும் சேர்ந்து உள்ள ஒருவருக்கு முதல் மருந்து எளிதில் கிடைக்கிறது, இரண்டாவது கிடைப்பதில்லை. அதனால் முதல் நோய் மட்டுமே எழுதப்படுகிறது. மருந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் நோயும் கண்டுபிடிக்கப்படுகிறது.

ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால்

ஃப்ளூஒக்சிட்டின் போன்ற மாத்திரைகள் மனச்சோர்வுக்கு நல்லவை. ஆனால் அவை தனியாகக் கவனக்குறைபாட்டைச் சரிசெய்வதில்லை. அப்போது என்ன நடக்கும்? அழுகை நிற்கும், தூக்கம் வரும். ஆனால் பாதியில் விட்ட படிப்பு பாதியிலேயே கிடக்கும், வேலையில் திட்டு நிற்காது, கடன் கட்ட மறந்துபோகும். ஆறு மாதத்தில் பழைய சோர்வு திரும்பும். 'மருந்து சரிவரல்ல' என்று அந்த ஆள் கிளினிக்கை விட்டுவிடுவார். மருந்து தன் பாதி வேலையைச் செய்தது. மற்றப் பாதியை யாரும் தொடங்கவே இல்லை. அதுவும் ஓர் அரைப்பேர்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வே கவனத்தைக் குலைக்கும். இரத்தச்சோகை, தைரொயிட், தூக்கமின்மை, குடி எல்லாமே குலைக்கும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை எவ்வளவு சாதாரணம் என்று நமக்குத் தெரியும். எனவே கவனம் சிதறுகிற எல்லோருக்கும் கவனக்குறைபாடு இல்லை. பிரித்துப் பார்க்க உதவும் முக்கியமான கேள்வி: இது எப்போது தொடங்கியது? போன வருடம் சோர்வோடு சேர்ந்து வந்ததா, இல்லை ஆறு ஏழு வயதிலிருந்தே இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அம்மா வேண்டும், பழைய தேர்ச்சி அறிக்கை வேண்டும் என்று பாடப்புத்தகம் எதிர்பார்க்கும். நம்மில் எத்தனை பேருக்கு அம்மா சவூதியிலோ குவைத்திலோ இருந்தார்? லயத்துக் கூரை ஒழுகி எத்தனை வீட்டுக் காகிதங்கள் அழிந்தன? போதாததற்கு, மலையகத்து அரச மருத்துவமனைகளில் தமிழில் பேசக்கூடிய ஆளணி போதாது என்பது பழைய குறை. ஆகவே போகும்போது நம்மை வளர்த்த அம்மாயியையோ, பெரியம்மாவையோ, படிப்பித்த டீச்சரையோ கேட்டு, தாளில் எழுதிக்கொண்டு போவது பெரிய உதவி.

இரண்டும் இருப்பது உறுதியானால் எதை முதலில் பார்ப்பது? பொதுவாக எது அதிகமாக அழுத்துகிறதோ அதை. சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது, சாப்பாடு தூக்கம் இல்லை என்றால் மனச்சோர்வுதான் முதலில். சோர்வு லேசானது, வருடக் கணக்கான தோல்விகளால் வந்தது என்றால், கவனத்துக்கு மருந்து கொடுத்ததும் சோர்வும் தணியலாம். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதும் வழக்கமான மருத்துவம்தான்.

சில எச்சரிக்கைகள் உண்டு. மெதில்ஃபெனிடேட்டின் வேலை அதே நாளில் தெரியும். மனச்சோர்வு மாத்திரைக்கும் அடமொக்சிட்டினுக்கும் சில வாரங்கள் பிடிக்கும், முதல் வாரத்தில் கைவிடக் கூடாது. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஃப்ளூஒக்சிட்டின் உடம்பில் அடமொக்சிட்டினின் அளவைக் கூட்டும், அதனால் அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். குடும்பத்தில் இருமுனை மனநோயோ, தனக்கு இதய நோயோ, இரத்த அழுத்தமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது. கூட்டாளியின் மாத்திரையை வாங்கிப் பார்க்கவே கூடாது.

நடந்து வந்தவர்களும் நின்றுபோனவர்களும்

2023இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த அந்த நடை, உழைத்த உடம்புகளுக்குச் செய்த மரியாதை. நாம் நம் வரலாற்றை உழைப்பின் வரலாறாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம், அதில் பெருமையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டு. உழைப்பே நம் அடையாளம் என்றால், உழைக்க முடியாமல் தடுமாறுகிறவன் நமக்கே அந்நியனாகிவிடுகிறான். துரை 'சோம்பேறி' என்று எழுதியதை எதிர்க்கிற நாமே, வீட்டுக்குள் தம்பியை அந்தச் சொல்லால் அடிக்கிறோம்.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறுமா என்று கேட்கலாம். இந்த நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில், உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்தது. அடுத்த இருபது வருடங்களில் அது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. அதற்கு முக்கிய காரணம் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் நீக்கப்பட்டது. யாரும் 'மன உறுதியோட இருங்க' என்று பிரசங்கம் செய்து அந்த எண் குறையவில்லை. மனிதரைக் குறை சொல்வதை விட்டு, சூழலையும் சட்டத்தையும் மாற்றியதால் குறைந்தது.

2005இல் வந்த மனநலக் கொள்கை, அங்கொடையில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொன்னது. இன்று மாத்தளையில் இருக்கிற ஒருவர் கிளினிக்குக்காக அங்கொடை போகத் தேவையில்லை. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இனிக் கேட்க வேண்டியது, பெரியவர்களின் கவனக்குறைபாட்டையும் அந்தக் கிளினிக்குகள் விசாரிக்க வேண்டும், தமிழில் விசாரிக்க வேண்டும், அதற்கான மருந்தும் மாவட்டம் வரை வர வேண்டும் என்பதே. மனச்சோர்வு மாத்திரையை மலிவாக்க ஒரு பிபிலே தேவைப்பட்டார். இதற்கும் யாராவது கேட்டே ஆக வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவர் மாத்திரை சாப்பிட்டும் தடுமாறினால், 'முயற்சி பத்தாது' என்று கணக்கு எழுதுவதற்கு முன், 'சின்ன வயசுலேர்ந்தே இப்படியா?' என்று ஒரு தடவை கேட்பது.